தோழியை வீட்டில் வைத்துக்கொண்டு "எனக்குத் தெரியாது" என்று சொன்னது தப்பா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரித் தோழி, வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்வதற்காக வீட்டைவிட்டு வந்து மூன்று நாள் உங்கள் வாடகை அறையில் இருந்தாள். அவளுடைய அண்ணன் நான்கைந்து பேரோடு வந்து கேட்டபோது, "அவளைப் பார்த்தே ஆறு மாசம் ஆச்சு, எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றீர்கள். மறுநாள் அவள் அம்மா போனில் அழுதார். அவரிடமும் அதையே சொன்னீர்கள். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அவர்களிடமும் அதே பதில். இப்போது அவர்கள் திருமணம் முடித்து வேறு ஊரில் நன்றாக இருக்கிறார்கள். உங்களுக்குத்தான் மனசு உறுத்துகிறது. "அவளுக்காகப் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன். நான் செய்தது தப்பா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது நான்காகத் தெரிகிறது. ஒரே வாக்கியத்தை மூன்று பேரிடம் சொன்னீர்கள். அந்த மூன்று பேரும் கேட்ட காரணம் வேறு வேறு. உண்மை கையில் கிடைத்திருந்தால் அதை வைத்து அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதும் வேறு வேறு. அதனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. நான்காவது கேள்வி, பாசமும் பயமும் கலந்து சொன்ன பொய்யை எப்படி எடுத்துக்கொள்வது என்பது. நான் தத்துவம் படித்தவள் இல்லை. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து நீதிமன்றங்களில் பல வருடங்களாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். வீட்டைவிட்டு வந்த ஜோடிகளும் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள், பெண்ணைக் காணோம் என்று பெற்றவர்களும் வருகிறார்கள். சட்டம் தண்டிக்காமல் விட்டது எல்லாம் நியாயமாகிவிடாது, தண்டிப்பது எல்லாம் அநியாயமும் ஆகிவிடாது. ஆனால் யார் யாரிடம் எதற்காகப் பொய் சொல்கிறார்கள், அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை இந்தத் தொழிலில் நெருக்கமாகப் பார்க்க முடிகிறது. அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது தவறில்லை. நம் மாவட்டங்களில் இதை யாரும் கற்பனையாக வைத்துப் பேச வேண்டியதில்லை. 2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு வேறு சாதித் தோழியோடு போன கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அவருடைய மனைவி கௌசல்யா வெட்டுக் காயங்களோடு பிழைத்தார். நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு தங்கையைத் தேடி வருகிற அண்ணன் நலம் விசாரிக்க வரவில்லை என்று நீங்கள் நினைத்ததற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

இதே நிலைமையைத்தான் ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் காண்ட் 1797-இல் ஒரு கட்டுரையில் எடுத்துப் பேசினார். கொலைகாரன் வாசலில் நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். என்ன சொல்வாய்? பிரான்சைச் சேர்ந்த பெஞ்சமின் கான்ஸ்டன்ட், உண்மையைப் பெறும் உரிமை உள்ளவனுக்கு மட்டும்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு, பிறருக்குத் தீங்கு செய்யும் உண்மைக்கு எவனுக்கும் உரிமை கிடையாது என்று வாதிட்டார். காண்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதும் பொய் கூடாது என்றார். நீ "இல்லை" என்று சொல்லி, அதற்குள் நண்பன் பின்பக்கமாக நழுவி வெளியேறி, திரும்பிப் போகிற கொலைகாரன் கையில் தெருவில் சிக்கிக்கொண்டால் அந்தச் சாவுக்கு உன் பொய்யும் பொறுப்பு என்பது அவர் வாதம்.

நம் பக்கத்தில் இதற்கு நேரெதிரான கதை மகாபாரதத்தில், கர்ண பருவத்தில் இருக்கிறது. கௌசிகன் என்ற தவசி உண்மை மட்டுமே பேசுவது என்று விரதம் பூண்டவன். கொள்ளையர்களுக்குப் பயந்து ஓடி வந்த சிலர் அவன் இருந்த காட்டுக்குள் ஒளிகிறார்கள். துரத்தி வந்தவர்கள் அவனிடம் கேட்கிறார்கள். விரதம் கெடக்கூடாது என்று காட்டிக்கொடுக்கிறான். அவர்கள் கொல்லப்படுகிறார்கள், கௌசிகன் நரகத்துக்குப் போகிறான். இதை அர்ஜுனனுக்குக் கண்ணன் சொல்கிறான். இந்த இடத்தில் நான் கண்ணன் பக்கம்தான். கௌசிகன் காப்பாற்றியது தன் விரதத்தை மட்டும். அதற்கான விலையை வேறு யாரோ உயிராகக் கொடுத்தார்கள்.

ஆனாலும் காண்ட் சொன்னதில் ஒரு பகுதியை நான் ஒதுக்க மாட்டேன். நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டோம் என்பதால் பொய் நம் கைக்குள் நிற்காது. எங்கே போகும், யாரை இடிக்கும் என்று தெரியாது. நடைமுறையில் இதை நான் பார்க்கிறேன். தேடி வந்தவர்களை அனுப்பிவிடும் அவசரத்தில், "இன்னார் வீட்டுக்குப் போயிருப்பா" என்றோ, "கோயமுத்தூர் பஸ் ஏறினதைப் பார்த்தேன்" என்றோ கூடுதலாக ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். அந்த இன்னார் வீட்டு வாசலில் மறுநாள் கும்பல் நிற்கும். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. "தெரியாது" என்று மறைப்பதற்கும், இன்னொருவரைக் கைகாட்டுவதற்கும் பெரிய தூரம் இருக்கிறது. முதலாவதில் ஆபத்தை உங்கள் வாசலோடு நிறுத்துகிறீர்கள். இரண்டாவதில் அதை அடுத்தவர் வாசலுக்கு அனுப்புகிறீர்கள். நீங்கள் "தெரியாது" என்பதோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அது முக்கியம்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்கிற எவரும் முதலில் எடுத்து நீட்டுவதும் அந்தக் குறளைத்தான். அதில் இருக்கிற நிபந்தனையைப் பாதிப் பேர் படிப்பதில்லை. குற்றமற்ற நன்மை விளைந்தால் மட்டும்தான் என்கிறார். யாருக்கோ நன்மை, யாருக்கோ கேடு என்றால் அந்தச் சலுகை கிடையாது. இந்த நிபந்தனையை வைத்துப் பார்த்தால் உங்கள் முதல் பொய் தாராளமாகத் தேறுகிறது. அண்ணன் இழந்தது தங்கையை அடித்து இழுத்துப் போகும் வாய்ப்பு ஒன்றுதான். அது அவனுக்கு உரிமையாக இருந்ததே இல்லை.

சரி, அம்மா? இங்கேதான் எனக்குத் தயக்கம். நீங்கள் மூன்று வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். உங்கள் உறுத்தலின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

பெண்ணைக் காணோம் என்று என் அலுவலகத்துக்கு வரும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் வீட்டு ஆண்கள் அனுப்பி வைத்தவர்கள். அழுகை நிஜமாகவே இருக்கும், ஆனால் கிடைக்கிற விலாசம் பத்து நிமிடத்தில் ஆண்கள் கைக்குப் போய்விடும். சிலர் தங்களை மீறி எதுவும் நடந்துவிடக் கூடாதென்று கணவனுக்கும் மகனுக்கும் தெரியாமல் வருகிறவர்கள். "அவ எங்க வேணா இருக்கட்டும், உயிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்பார்கள். முதல் வகை அம்மாவுக்கு விலாசம் சொல்வது அண்ணனுக்குச் சொல்வதேதான். இரண்டாவது வகை அம்மா கேட்பது விலாசமே இல்லை. போனில் அழுகிறவர் எந்த வகை என்று உங்களால் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்? எனக்கே நேரில் பார்த்துத்தான் தெரியும், சில சமயம் அப்போதும் தெரியாது.

ஆனால் இரண்டு வகை அம்மாவுக்கும் ஒரு விஷயத்தில் உரிமை இருந்தது என்று நினைக்கிறேன். மகள் உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை. கிணற்றிலும் தண்டவாளத்திலும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அந்த ஒரு செய்தி போதும். அதைச் சொல்வதால் தோழிக்கு நேரும் கேடு, விலாசம் சொல்வதால் நேருவதைவிட மிகக் குறைவு. "நல்லா இருக்கா, எங்க இருக்கான்னு நான் சொல்ல மாட்டேன்" என்றிருந்தால் பொய்யும் இல்லை, காட்டிக்கொடுத்ததும் இல்லை. இதைச் சொல்வது எனக்குச் சுலபம் என்று தெரியும். அப்படிச் சொன்ன நிமிடமே உங்களுக்குத் தெரியும் என்பது வெளிப்பட்டுவிடும். அப்புறம் அண்ணன் திரும்ப வருவான், இந்த முறை வெறுமனே கேட்டுவிட்டுப் போக மாட்டான். தனியாக ஓர் அறையில் இருக்கும் பெண் அந்தத் துணிச்சலைக் காட்டவில்லை என்று குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் அந்தப் பொய்யைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணனிடம் சொன்னதைப் போல இதில் முழுக்க நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். தோழியையே வேறொரு நம்பரிலிருந்து ஒரு நிமிடம் பேச வைத்திருக்கலாம், பொதுவான ஒரு பெரியவர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த மூன்று நாள் பதற்றத்தில் இது தோன்றாமல் போனது இயல்பு.

போலீஸ் விஷயம் இன்னும் சிக்கலானது. சட்டத்தில் உறுதியாக இருப்பதை முதலில் சொல்கிறேன். உங்கள் தோழிக்கு 18 வயதும் பையனுக்கு 21 வயதும் ஆகியிருந்தால் அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. குற்றம் செய்தவரை ஒளித்து வைப்பதுதான் குற்றம், தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணுக்கு இடம் கொடுப்பது குற்றமில்லை. 2006-இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் சாதி மாறித் திருமணம் செய்துகொண்டால் அவர்களை யாரும் துன்புறுத்தாமல் பார்த்துக்கொள்வது காவல்துறையின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாதி மறுப்புத் தம்பதிகளுக்காக மாவட்டம்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொன்னது. 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்கள் வரைக்கும் உத்தரவிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த இளவரசன் வழக்குத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயமில்லை, எதிர்ப்புக்குப் பயந்து வருகிறவர்களை அப்படிக் கட்டாயப்படுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிருக்குப் பயந்து ஒன்றை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வதை நாட்டின் மேல் நீதிமன்றமே நியாயம் என்கிறது.

ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. வழக்கு விசாரணையில் போலீஸ் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல எல்லோரும் கடமைப்பட்டவர்கள். அந்தப் பதில் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் என்றால் மட்டும் சொல்லாமல் இருக்கலாம். குற்ற வழக்குகளின் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒரு போன் அழைப்பு அந்த விசாரணையில் சேருமா என்று நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. ஆனால் நீங்கள் கேட்டது மனசாட்சியைப் பற்றி, அந்த இடுக்கில் நாம் புகுந்துகொள்ள வேண்டாம்.

போலீஸும் அண்ணனும் ஒன்றில்லை. பெண் காணவில்லை என்று புகார் வந்தால் தேடுவது அவர்கள் வேலை. அவளை யாராவது கடத்தியிருக்கவும் கூடும், கொன்றிருக்கவும் கூடும். தேடுகிறவர்களிடம் எல்லோரும் பொய் சொன்னால், நிஜமாகவே ஆபத்தில் இருக்கும் அடுத்த பெண்ணைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஸ்டேஷனுக்கு வந்த ஜோடியைப் பிரித்து, பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவர்களோடு அனுப்பி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய பெண்ணை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் சாதிக்காரர்கள் கட்டப்பஞ்சாயத்து பேசிய நாட்களும் உண்டு. முறையாக நடந்துகொண்ட இன்ஸ்பெக்டர்களும் உண்டு. பெண்ணுக்குக் காவல் போட்டு, "உன் இஷ்டம் எதுவோ அதைத் தைரியமா சொல்லும்மா" என்று கேட்டவர்களையும் எனக்குத் தெரியும். போனில் பேசுகிறவர் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே என் கருத்து இது. கருத்துதான், உறுதியாகச் சொல்ல முடியாது. போலீஸிடம் சொன்ன பொய், அதற்கு மாற்று வழி இருந்தும் சொன்ன பொய். ஒரு வழக்கறிஞரைப் பிடித்து அடுத்த நாளே தோழியை மாஜிஸ்திரேட் முன்னாலோ, எஸ்.பி. அலுவலகத்திலோ ஆஜராக வைத்திருந்தால், "நான் என் விருப்பப்படி வந்தேன்" என்ற அவளுடைய ஒரு வாக்குமூலத்தோடு காணாமல் போன புகாரே முடிந்திருக்கும். யாரும் பொய் சொல்ல வேண்டி வந்திருக்காது. இந்த வழி உங்களுக்குத் தெரிந்திருந்தும் பொய்யைத் தேர்ந்தெடுத்திருந்தால் தவறு என்பேன். தெரியாமல், பயத்தில், அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னீர்கள் என்றால் அதை உங்கள்மேல் பெரிய குற்றமாக வைக்க மாட்டேன்.

இப்போது "பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ள" என்று நீங்கள் கூனிக்குறுகிச் சொன்ன பகுதி. பிறருக்காகப் பொய் சொன்னால் தியாகம், தனக்காகச் சொன்னால் கோழைத்தனம் என்று நாம் பழகியிருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அறையில் இருந்தது இரண்டு உயிர்கள். உங்களுடையது அவளுடையதைவிடக் குறைந்ததில்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் மனிதனிடம் சட்டம்கூட ஓரளவு இரக்கம் காட்டுகிறது. அரசியலமைப்பின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதற்கும் ஒரு படி மேலே, சாட்சிகள் எல்லாம் முடிந்த பிறகு நீதிபதி குற்றவாளிக் கூண்டில் நிற்பவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313-ஆம் பிரிவு, இப்போது சன்ஹிதாவில் 351. அதற்கு அவர் பொய்யான பதில் சொன்னாலும் அந்தப் பொய்க்காகத் தண்டனை கிடையாது. சட்டம் அந்தப் பொய்யை மெச்சுவதாக நினைத்துவிட வேண்டாம். சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்து நடக்கும் வழக்கில் பொய்யான விளக்கமே அவருக்கு எதிரான ஒரு கூடுதல் கண்ணியாக எண்ணப்படுவதுண்டு. ஆனால் கழுத்தில் கத்தி தொங்கும்போது மனிதன் உண்மை பேசியே ஆக வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை.

தன்னைக் காக்கும் பொய் எப்போது அசிங்கமாகிறது என்று கேட்டால், அதன் பாரத்தை ஒன்றும் அறியாத இன்னொருவர் சுமக்கும்போது என்று சொல்வேன். விபத்து வழக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது. லைசென்ஸ் இல்லாத மகன் காரை ஓட்டி ஒருவர்மேல் மோதிவிடுவான். மறுநாள் ஸ்டேஷனில் அந்த வீட்டு டிரைவர், "நான்தான் ஓட்டினேன்" என்று நிற்பார். மகனின் எதிர்காலத்தைக் காப்பாற்றினோம் என்று அந்தக் குடும்பம் உண்மையாகவே நம்பும். அவர்களைக் கேட்டால் அதுவும் பாசத்தில் சொன்ன பொய்தான். ஆனால் லைசென்ஸும் பிழைப்பும் போகப் போவது அந்த டிரைவருக்கு. அடிபட்டவரின் குடும்பத்துக்கு யார் ஓட்டியது என்ற உண்மைகூடக் கிடைக்காது. பிறருக்காகச் சொன்னது, தனக்காகச் சொன்னது என்ற பிரிவினை இங்கே எதையும் விளக்குவதில்லை. யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால்தான் விளங்குகிறது. உங்கள் பொய்யால் யார் தலையிலும் அப்படி விழவில்லை, அந்த அம்மாவின் துயரத்தைத் தவிர.

இதையே நீதிமன்றத்துக்கு நீட்டிவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். உங்கள் தோழிக்கு ஏதாவது நேர்ந்து, நாளை நீங்கள் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டி வந்தால் கணக்கே வேறு. கோகுல்ராஜ் வழக்கில் முக்கியமான சாட்சி, அன்றைக்குக் கோயிலுக்கு அவரோடு போன தோழி. விசாரணையில் அவர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனார். 2022 நவம்பரில், மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்றமே அவரை வரவழைத்து, கோயில் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டியது. அதில் இருப்பது தான் இல்லை என்றார். யோசிக்க அவகாசம் கொடுத்தார்கள், திரும்ப வந்தும் அதையே சொன்னார். நீதிமன்றம் தானாக முன்வந்து அவர்மேல் அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. அந்த வழக்கு கேமரா பதிவையும் மற்றச் சந்தர்ப்பங்களையும் வைத்து நின்றது. 2022 மார்ச்சில் முதல் குற்றவாளியான யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்று மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தது. கேமரா பதிவு இல்லாத வழக்காக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோகுல்ராஜின் தாயை நினைத்து நான் யோசித்ததுண்டு.

அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அவரை எடை போடவும் மாட்டேன். சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள் என்பது பொதுவாகத் தெரியும்: ஊருக்குள் தொடர்ந்து வாழ வேண்டும், தம்பிக்கு வேலை வேண்டும், இருட்டில் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டும். சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. உடனடியாக உயிர் போகும் என்ற மிரட்டலில் செய்த செயல், கொலை போன்றவற்றைத் தவிர, குற்றமாகாது. ஆனால் அந்த மிரட்டல் அந்த நொடியில் இருந்திருக்க வேண்டும். "ஊருக்கு வா, பாத்துக்கறோம்" என்ற மிரட்டல் அதில் சேராது. நம் சாட்சிகளுக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதனால் சட்டப்படி அவர்களுக்கு அந்த விலக்கு கிடைப்பதில்லை, பொய்ச் சாட்சிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை என்ற பிரிவு மட்டும் தலைக்கு மேலே இருக்கிறது. 2018 டிசம்பரில்தான் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுக்கச் சட்டமாக நடைமுறைப்படுத்தியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்தால் காவல் போடுவது, இடம் மாற்றுவது, அடையாளத்தை மறைப்பது வரை வழியிருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே சாட்சிகளில் பலருக்குத் தெரியாது என்பது என் அனுபவம்.

இவ்வளவுக்கும் நடுவில் உண்மை சொன்னவர்களும் இருக்கிறார்கள். 2020-இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் காவல் நிலையத்தில் அடித்ததை, அதே நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் சுற்றியிருக்க, அந்த இடத்திலேயே சொன்னார். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உயர் நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அவரைக் காட்டி, பயந்துபோன மற்ற சாட்சிகளை அடிக்க மாட்டேன். உண்மை சொல்ல இவ்வளவு துணிச்சல் தேவைப்படும்படி வைத்திருப்பவர்கள்மேல்தான் முதல் கோபம் வர வேண்டும். அண்ணன் நான்கைந்து பேரோடு வராமல், தனியாக வந்து கையைப் பிடித்துக் கேட்கக்கூடியவனாக இருந்திருந்தால் நீங்கள் பொய் சொல்லியிருக்க மாட்டீர்கள் அல்லவா? உங்கள் பொய்யில் அவனுக்கும் பங்கிருக்கிறது.

உறுத்தல் இருந்தாலே தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்று அதே அதிகாரத்தில் அடுத்த குறளாகவே வள்ளுவர் வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நியாயமான பொய்யும் சொன்னவரைக் கொஞ்சம் சுடும். சுடாமல் போனால்தான் எனக்குக் கவலை. அடுத்த முறை சும்மா ஒரு வசதிக்காகவே பொய் சொல்லப் பழகிவிடுவார்கள்.

இனி செய்யக்கூடியதைச் சொல்கிறேன். தோழியிடம் பேசி, அவள் சம்மதித்தால் அம்மாவுக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். இருக்கிற ஊரைச் சொல்ல வேண்டாம், குரல் கேட்டால் போதும். அவள் மறுத்தால் அவள் முடிவுதான், நீங்களாக அம்மாவிடம் எதையும் சொல்லாதீர்கள். புகார் இன்னும் முடிக்கப்படாமல் இருந்தால் தம்பதி இருவரும் வழக்கறிஞர் மூலமாக ஆஜராகி வாக்குமூலம் கொடுத்து முடித்துக்கொள்வது நல்லது. உங்களைத் திரும்ப விசாரிக்கக் கூப்பிட்டால் பழைய பதிலையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பயத்தில் அன்றைக்கு அப்படிச் சொன்னேன், நடந்தது இது என்று சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டிய குற்றம் எதுவும் அதில் இல்லை. பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் குடியிருக்கும் இடத்தில் வந்துதான் விசாரிக்க வேண்டும், சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அப்போது உங்களோடு ஒரு வழக்கறிஞரையோ வீட்டுப் பெரியவரையோ வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழியின் வயதை நீங்கள் எழுதவில்லை. கல்லூரித் தோழி என்றதால் 18 தாண்டியவள் என்று வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் சொன்னேன். முதலாமாண்டுப் பிள்ளைகளில் 17 வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படி இருந்தால் வயது வந்தவர்களின் திருமணம் பற்றி மேலே சொன்ன சட்டம் பொருந்தாது. பையன்மேல் கடத்தல் வழக்கும், போக்சோ என்கிற, சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தில் வழக்கும் வரலாம், கடத்தப்பட்டவர் என்று தெரிந்தே மறைத்து வைத்ததாக உங்கள்மேலும் கேள்வி வரும். அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கும். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். 18 ஆகவில்லை என்றால் யாரிடமும் வேறு எதையும் பேசுவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள்.